வீட்டில் வைக்கும் திருவிழா விளையாட்டில் பிள்ளைகள் ஜெயிக்க வேண்டும்

கேள்வி: அதிகச் செலவில்லாமல் குழந்தைகளுக்கு வீட்டிலேயே திருவிழாக் கடை விளையாட்டுகள் வைக்க முடியுமா?

தாராளமாக முடியும். லீவுக்கு வரும் பிள்ளைகளுக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்களுக்குத் தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் பக்கம் கிராமம். காணும் பொங்கலன்று அண்ணன் பிள்ளைகள், நாத்தனார் பிள்ளைகள், தெருப் பிள்ளைகள் எல்லாரும் எங்கள் வாசலில்தான் இருப்பார்கள். வருஷா வருஷம் விளையாட்டு வைப்பது நான்தான்.

கோயில் திருவிழாவில் வளையம் வீசும் கடையைப் பார்த்திருப்பீர்கள். பரப்பி வைத்த பொருளைச் சுற்றி வளையம் இறங்க மயிரிழை இடம்தான் இருக்கும். என் மகள் சின்ன வயதில் கையிலிருந்த காசையெல்லாம் அங்கே கொடுத்துவிட்டு வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். கடைக்காரருக்கு அது பிழைப்பு, அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டில் நாமும் ஏன் அப்படி வைக்க வேண்டும்?

அதனால் வளையத்தைப் பெரிதாகச் செய்யுங்கள். நான் வைக்கோலைப் பிரியாகத் திரித்து, பானைக்கு வைக்கும் பிரிமணை மாதிரி சுற்றி, மேலே பழைய சேலைக் கிழிசலை இறுக்கிக் கட்டிவிடுவேன். பிளாஸ்டிக் வளையம் துள்ளி ஓடும், இது விழுந்த இடத்தில் கிடக்கும். மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டில்களை நட்டு வைத்தால் போதும். நின்று வீசக் கோடு ஒன்று போதாது. சின்னதுகளுக்குப் பக்கத்தில் ஒன்று, பெரியவர்களுக்குத் தள்ளி ஒன்று போடுங்கள்.

டப்பா அடிப்பது எல்லாருக்கும் தெரியும். கீழே மூன்று, நடுவில் இரண்டு, மேலே ஒன்று. பந்து துணிப்பந்தாக இருக்கட்டும்.

எங்கள் வீட்டில் கூட்டம் அம்முவது வாளி விளையாட்டுக்குத்தான். வாளி நிறையத் தண்ணீர், அடியில் ஒரு எவர்சில்வர் டம்ளர். மேலிருந்து ஒரு ரூபாய்க் காசை விட்டு டம்ளருக்குள் விழவைக்க வேண்டும். காசைப் படுக்கையாக விட்டால் இப்படியும் அப்படியும் ஆடி ஒதுங்கிப் போய்விடும். நெட்டுக்குத்தாகப் பிடித்து, தண்ணீரைத் தொட்டாற்போல் விட்டால் ஓரளவு நேராக இறங்கும். சாய்வாகப் பார்த்தால் டம்ளர் இருக்கும் இடமே ஏமாற்றும், நேர் மேலே நின்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் நான் சொல்லித் தருவதில்லை. போன வருஷம் அண்ணனின் இளைய மகன், "அத்தை, காசு நழுவுது அத்தை" என்று சிணுங்கிக்கொண்டே இருந்தான். பிறகு அவனாகவே காசைத் திருப்பிப் பிடித்தான். டங்கென்று சத்தம் கேட்டதும் அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே!

டிக்கெட்டுக்குப் புளியங்கொட்டை. எல்லாருக்கும் ஒரே எண்ணிக்கை. மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் வாயில் போட்டுக்கொள்ளும், அட்டைத் துண்டு கொடுங்கள். பரிசு கடலை மிட்டாய், பென்சில், ரப்பர். யாரும் வெறுங்கையோடு போகக் கூடாது. "எல்லாருக்கும் பரிசு கொடுத்தால் தோல்வி எப்படிப் பழகும்?" என்று இங்கேயும் யாராவது கேட்பீர்கள். தோல்வியைப் பள்ளிக்கூடம் தினமும் கற்றுக் கொடுக்கிறது. வருஷத்தில் ஒரு நாள் எங்கள் வாசலில் அது வேண்டாம்.

சாக்கு ஓட்டமும் வைக்கலாம், நல்ல சாக்கு கிடைத்தால். சாக்கு என்றதும் எனக்கு வயிறு எரிகிறது. குறுவை நெல் அறுவடை ஐப்பசி மழையோடுதான் வரும். ஒரு வருஷம் அரசு நெல் வாங்கும் கொள்முதல் நிலையத்தில் சாக்கு இல்லை என்று எங்கள் நெல்லைக் கொட்டியபடியே போட்டிருந்தார்கள். தார்ப்பாய்க்கு மேலே மழை, கீழே ஈரம். அப்புறம் சாக்கு வந்தபோது ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலே என்று எடுக்க மறுத்தார்கள். ஈரமானது யாரால்? என் வீட்டுக்காரர் தெருவிலேயே நெல்லைப் பரப்பிக் கிளறிக்கொண்டிருந்தார். கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, சாக்கு ஓட்டத்தை அறுத்த வயலில் வைக்காதீர்கள், அறுத்த நெல்லின் அடித்தாள் காலைக் குத்தும். நெல்லடிக்கும் களத்துமேடு நல்லது. நீங்கள் டவுனில் மாடி வீட்டில் இருந்தால் ஓட்டத்தை விட்டுவிட்டு வாளியை மொட்டை மாடியில் வையுங்கள். சுற்றிலும் பழைய சாக்கையோ மிதியடியையோ போடுங்கள், சிந்திய தண்ணீரில் பிள்ளைகள் வழுக்கி விழுவார்கள். முடிந்ததும் வாளித் தண்ணீரை உடனே கொட்டிவிடுங்கள். தவழும் குழந்தை இருக்கும் வீடென்றால் வாளிப் பக்கம் பெரியவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.