கிளாஸ்கோ குளிர்காலமும் பாலை விட்டவரின் வைட்டமின் டி கவலையும்

அன்புள்ள தங்கைக்கு,

செப்டம்பரில் முதுகலைப் படிப்புக்காக மதுரையிலிருந்து கிளாஸ்கோ வந்ததாகவும், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பால், தயிர், நெய் எல்லாவற்றையும் விட்டு, இங்கே வீகன் என்று சொல்லும் நனிசைவ உணவுக்கு மாறிவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். பாலும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் எலும்பு என்னத்துக்கு ஆகும் என்று உங்கள் அம்மா நாள்தோறும் கேட்பதையும், டிசம்பரில் வரும் தோழியிடம் 60,000 அலகு (IU) வைட்டமின் டி பொட்டலங்களைக் கொடுத்தனுப்ப அவர் காத்திருப்பதையும் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பழைய நினைவும் வந்தது. உணவிலேயே சரிக்கட்ட முடியுமா, முடியாதென்றால் எந்த மாத்திரை என்பதுதான் உங்கள் கேள்வி. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த ஊரில் உணவால் மட்டும் முடியாது, தினமும் 10 மைக்ரோகிராம் மாத்திரை ஒன்று வேண்டும், அதுவும் ஆண்டு முழுவதும் வேண்டும், ஆனால் அதற்குக் காரணம் நீங்கள் பாலை விட்டது அல்ல.

அம்மாவுக்கு முதலில் புரியவைக்க வேண்டியது சூரியன் நிற்கும் உயரத்தைத்தான். மார்கழி நண்பகலில் மதுரையில் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 57 பாகை உயரத்தில் இருக்கும். கிளாஸ்கோவில் அந்த உயரத்தை ஜூன் மாத உச்சிப்பொழுதில்தான் பார்க்கலாம். அதாவது நம் ஊரில் ஆண்டிலேயே மிகத் தாழ்ந்த நண்பகல் சூரியனும், இந்த ஊரில் ஆண்டிலேயே மிக உயர்ந்த சூரியனும் ஏறக்குறைய ஒன்றுதான். டிசம்பரில் இங்கே நண்பகல் உயரம் 11 பாகைகூட இல்லை. எதிர்வீட்டுக் கூரையைத் தாண்டுவதற்குள் சாய்ந்துவிடும். தோலில் இருக்கும் ஒருவகைக் கொழுப்புப் பொருளின் மேல் புறஊதா பி கதிர் பட்டால்தான் வைட்டமின் டி உருவாகும். அவ்வளவு தாழ்ந்து வரும் வெளிச்சம் நெடுந்தொலைவு காற்றைக் கடந்து வருவதால் அந்தக் கதிரில் பெரும்பகுதி வழியிலேயே வடிகட்டப்பட்டுவிடுகிறது. ஆகவே அக்டோபரிலிருந்து மார்ச் வரை, வானம் துடைத்துவிட்டதுபோல் நீலமாக இருந்தாலும், அந்த வெயிலால் உங்கள் தோலுக்குப் பயனில்லை. நூலகத்தில் ஜன்னலோரம் இடம்பிடித்து உட்கார்வதும் உதவாது. கண்ணாடி அந்தக் கதிரை உள்ளே விடாது.

கோடையிலும் நமக்குக் கணக்கு வேறு. நம் தோலுக்குக் கருநிறம் தரும் மெலனின் அந்தக் கதிரை உறிஞ்சிக்கொள்வதால், வெள்ளைத் தோலினர்க்குப் பத்து நிமிடத்தில் கிடைப்பது நமக்குக் கிடைக்க ஏறக்குறைய 25 நிமிடம் ஆகும். அதுவும் கையும் முழங்காலுக்குக் கீழும் திறந்திருக்க வேண்டும். கோடைக்காலக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருப்பதால் உண்மையான நண்பகல் இங்கே ஒன்றேகால் மணி வாக்கில்தான் வரும் என்பதும் நினைவிருக்க வேண்டும். கிளாஸ்கோவின் ஜூலை மழையையும், முழுக்கைச் சட்டையும் துப்பட்டாவுமாக நாம் வெளியே போகும் பழக்கத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஸ்காட்லாந்து அரசு எல்லோருக்கும் குளிர்காலத்தில் தினம் 10 மைக்ரோகிராம் என்றும், கருநிறத் தோலினர் ஆண்டு முழுவதும் எடுத்துக்கொள்ள எண்ண வேண்டும் என்றும் சொல்வது இதனால்தான். மீனும் முட்டையும் சாப்பிடும் உங்கள் அறைத்தோழிக்கும் குளிர்காலத்தில் அந்த அறிவுரை பொருந்தும் என்பதை அம்மாவிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பாலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர் பலருக்கு இது தெரியாது. கனடாவில் பாலில் வைட்டமின் டி சேர்க்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அங்குள்ள உறவினர் "பால் குடித்தாலே போதும்" என்று சொன்னால் அவர்கள் ஊருக்கு அதில் ஓரளவு பொருள் உண்டு. பிரிட்டனில் கடையில் விற்கும் சாதாரணப் பசும்பாலில் அப்படி எதுவும் சேர்ப்பதில்லை, இயற்கையாக அதில் இருப்பதோ மிகச் சொற்பம். எனவே பாலை விட்டதால் இந்த வைட்டமினில் நீங்கள் இழந்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை. சொல்லப்போனால் நீங்கள் வாங்கும் சோயாப் பாலிலோ ஓட்ஸ் பாலிலோ அதைவிடக் கூடுதலாகவே இருக்கக்கூடும். பல தயாரிப்புகளில் 100 மில்லிலிட்டருக்கு 0.75 மைக்ரோகிராம் டி2 (வைட்டமின் டியின் ஒரு வகை) சேர்க்கிறார்கள். ஆனால் 200 மில்லி டம்ளர் ஒன்றில் அது 1.5 மைக்ரோகிராம்தான், பத்து வேண்டுமென்றால் ஆறேழு டம்ளர் குடிக்க வேண்டும், அது யாராலும் ஆகிற காரியமல்ல. இன்னொன்று, இயற்கை வேளாண் முத்திரை பெற்ற சோயா, ஓட்ஸ் பாலை நல்லதென்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். அந்த வகையில் பெரும்பாலும் வைட்டமினும் சேர்த்திருக்க மாட்டார்கள், கால்சியமும் சேர்த்திருக்க மாட்டார்கள். வைட்டமின் சேர்த்த காலைச் சிற்றுண்டித் தானியங்களிலும் எச்சரிக்கை தேவை, அவற்றில் போடும் டி3 என்ற மற்றொரு வகை பெரும்பாலும் ஆட்டு ரோமத்திலிருந்து வருவது. காளான் மட்டும் ஒரு வேடிக்கையான விதிவிலக்கு: ஜூன், ஜூலையில் வெயில் வரும் ஒரு நாளில் காளானை நறுக்கி அரைமணி நேரம் நேர்வெயிலில் வைத்தால் அதிலுள்ள எர்கோஸ்டெரால் என்ற பொருள் டி2 ஆக மாறும். நான் வைத்துப் பார்த்திருக்கிறேன். கடற்பறவை ஒன்று வந்து பாதியைத் தூக்கிக்கொண்டு போனது.

இவ்வளவையும் நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 19 ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்தபோது நானும் உங்களைப்போல் அரிசி, பருப்பு, காய்கறி இருந்தால் உடம்புக்கு என்ன குறை என்றுதான் நினைத்தேன். நான்காம் குளிர்காலத்தில் ஒருநாள், ஊரிலிருந்து கொண்டுவந்த அரிவாள்மனையின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாழைக்காய் நறுக்கிவிட்டு எழ முயன்றேன், தொடை ஒத்துழைக்கவில்லை. வலி என்று சொல்ல முடியாது, பலமே இல்லை. அலமாரியின் கைப்பிடியைப் பற்றித் தொங்கித்தான் எழுந்தேன். லிஃப்ட் இல்லாத பழைய கல் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் குடியிருந்ததால், இடுப்பைச் சுற்றிச் சில மாதங்களாக இருந்துவந்த வலியைப் படிக்கட்டின் தலையில் சுமத்தியிருந்தேன். குடும்ப மருத்துவர் இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார், வைட்டமின் டி அளவு 22 என்று வந்தது. மதுரையில் என் உடன்பிறந்த தங்கைக்கும் அதே ஆண்டு 22தான் வந்திருந்தது, அவளிடம் "கொஞ்சம் குறைவு" என்றுதான் சொல்லியிருந்தார்கள். எனக்கும் அப்படித்தான் இருக்கும் என்று அலட்சியமாக இருந்தேன். அலகு வேறு என்பது எனக்குத் தெரியவில்லை. இந்திய அறிக்கையில் மில்லிலிட்டருக்கு நானோகிராம், இங்கே லிட்டருக்கு நானோமோல். முதலதை இரண்டரையால் பெருக்கினால் இரண்டாவது. அவளுடைய 22 இங்கே 55. என்னுடைய 22 அங்கே ஒன்பதுகூட இல்லை. இங்கே 25க்குக் கீழ் பற்றாக்குறை, 50க்கு மேல் போதுமானது. வாரத்துக்கு 50,000 அலகு வீதம் ஆறு வாரம் கொடுத்துத்தான் என்னைத் தேற்றினார்கள். அரிவாள்மனையிலிருந்து கைப்பிடி இல்லாமல் எழுவதற்கு மேலும் இரண்டு மூன்று மாதம் ஆயிற்று.

நான் மட்டும் ஏமாந்தவள் அல்ல என்பதைப் பின்னால் அறிந்தேன். 1962ஆம் ஆண்டிலேயே டன்னிகன் என்ற மருத்துவரும் உடனிருந்தோரும் கிளாஸ்கோவில் குடியேறிய பாகிஸ்தானியரிடையே ரிக்கெட்ஸ் என்ற எலும்பு வளைவு நோயையும் பெரியவர்களின் எலும்பு மென்மையையும் கண்டு எழுதியிருந்தார்கள். புகை மூடிய இந்தத் தொழில் நகரத்தில் முன்பு உள்ளூர்க் குழந்தைகளையே கால் வளைய வைத்த நோய் அது. 1979இல் நகரத்தில் ஆசியக் குழந்தைகளுக்கு வைட்டமின் டி இலவசமாகக் கொடுக்கும் இயக்கம் தொடங்கியது, மருத்துவமனைக்கு வரும் ரிக்கெட்ஸ் நோயாளிகள் குறைந்தார்கள். பிரிட்டனின் ஆசியரிடையே நடந்த ஆய்வுகளில் அசைவரைவிடச் சைவரிடம் இந்த நோய் கூடுதலாகக் காணப்பட்டதையும் நான் மறைக்கக் கூடாது. உணவுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை, ஆனால் அதைத் தீர்த்தது மாத்திரைதான் என்கிறேன்.

இனி எந்த மாத்திரை என்பதற்கு வருகிறேன், இதில்தான் உங்களைப் போன்றவர்கள் தடுமாறுவார்கள். மருந்துக்கடை ஒன்றில் "சைவர்களுக்கு ஏற்றது" என்று அட்டையில் போட்டிருந்ததைப் பார்த்து நான் ஓராண்டு வாங்கிச் சாப்பிட்ட டி3, ஆட்டு ரோமத்தின் பிசுக்கான லானோலினிலிருந்து எடுத்தது. ஆட்டைக் கொல்வதில்லை என்பதால் சைவம் என்ற சொல்லுக்கு அது பொருந்தும், நனிசைவத்துக்குப் பொருந்தாது. பளபளக்கும் மென்மாத்திரைகள் பலவற்றின் உறையோ எலும்பிலும் தோலிலும் காய்ச்சிய ஜெலட்டின். உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஈஸ்ட்டின் மேல் புறஊதாக் கதிர் பாய்ச்சி எடுக்கும் டி2. மற்றொன்று, பாறையிலும் மரப்பட்டையிலும் பாசிபோல் படரும் லைக்கனிலிருந்து எடுக்கும் டி3. லைக்கன் என்றதும் அந்நியமாக நினைக்க வேண்டாம், செட்டிநாட்டு மசாலாவில் மணத்துக்குப் போடுகிற கல்பாசியும் ஒரு லைக்கன்தான் (கல்பாசிக் குழம்பு சாப்பிட்டு வைட்டமின் தேற்றலாம் என்று கிளம்பிவிடாதீர்கள்). இரத்தத்தில் அளவை உயர்த்தி நிலைநிறுத்துவதில் டி3 மேல் என்பதால் நான் லைக்கன் வகையையே வாங்குகிறேன். விலை சற்றுக் கூடுதல், கையில் காசு இறுக்கமாக இருக்கும் மாணவர் டி2வைத் தினமும் தவறாமல் போட்டுக்கொண்டால் அதுவும் போதும். வீகன் சொசைட்டியின் சூரியகாந்திப் பூ முத்திரை இருந்தால் அட்டையின் சிறு எழுத்துகளைப் படிக்கும் வேலை மிச்சம். இது கொழுப்பில் கரைவது, ஆகையால் வெறும் வயிற்றில் தேநீரோடு போடாமல், எண்ணெய் சேர்ந்த சாப்பாட்டோடு போடுங்கள். என் மாத்திரைப் புட்டி இட்லிப்பொடி டப்பாவுக்கும் நல்லெண்ணெய்க்கும் நடுவில்தான் இருக்கிறது, மறப்பதில்லை.

அளவில் மட்டும் கவனமாக இருங்கள். ஒரு மைக்ரோகிராம் என்பது 40 அலகு, ஆகவே 10 மைக்ரோகிராம் 400 அலகு. கடையில் 25 மைக்ரோகிராம் மட்டும்தான் கிடைத்தது என்றால் பயப்பட வேண்டாம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம், அதாவது 4,000 அலகுக்கு மேல் போகக் கூடாது என்பது இங்குள்ள வரம்பு. அம்மா அனுப்பும் ஒரு பொட்டலம் 1,500 மைக்ரோகிராம். உங்களுடைய ஐந்து மாதத் தேவை ஒரே வாயில். குறைபாடு உறுதியானவர்க்கு மருத்துவர் வாரம் ஒன்றாகக் கொடுக்கும் மருந்து அது. எனக்குத் தெரிந்த ஒருவர் அதை நாளுக்கு ஒன்று என்று தவறாக எண்ணி இரண்டு வாரம் விழுங்கினார். இரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் தீராத தாகமுமாக மருத்துவமனையில் கிடந்தார். சிறுநீரகக் கல் வந்த வரலாறு இருந்தாலோ, வேறு மருந்து ஏதும் எடுத்துக்கொண்டிருந்தாலோ சாதாரண மாத்திரைக்கும் மருந்தாளுநரை ஒருமுறை கேட்டுவிடுங்கள். உங்கள் கடிதத்தில் வலியோ தளர்ச்சியோ இருப்பதாக இல்லை, எனவே இப்போது இரத்தப் பரிசோதனை கேட்டு நிற்க வேண்டியதில்லை. படியேறும்போது தொடை தளர்ந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

பாலை விட்டதில் உண்மையாகவே கவனிக்க வேண்டியவை கால்சியமும் வைட்டமின் பி12உம்தான். பி12 மாத்திரையை இதற்குள் தொடங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றால் இன்றே தொடங்குங்கள், அதில் விவாதத்துக்கே இடமில்லை. கால்சியத்துக்கு, கால்சியம் சேர்த்த சோயாப் பாலைப் பெட்டியோடு நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள், இல்லாவிட்டால் அது அடியிலேயே தங்கிவிடும். கால்சியம் உப்பிட்டு உறையவைத்த டோஃபுவும் நல்லது. கேழ்வரகு மாவைப் பொல்லாக்‌ஷீல்ட்ஸ் பகுதியிலுள்ள தெற்காசியக் கடைகளில் தேடிப் பாருங்கள், 100 கிராமில் ஏறக்குறைய 340 மில்லிகிராம் கால்சியம் உண்டு. இதற்கெல்லாம் ஊரிலிருந்து எதுவும் வர வேண்டியதில்லை. அம்மாவின் மனம் நோகாமலிருக்க ஏதாவது கேட்டுத்தான் ஆகவேண்டுமென்றால், அந்தப் பொட்டலங்களுக்குப் பதிலாகத் தோழியிடம் கொஞ்சம் கல்பாசி கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். இங்கே கிடைப்பதில் மணமே இல்லை.

அன்புடன்,
உங்கள் அக்கா