முப்பது தலையும் முட்டை வெள்ளைக்கருவும்

"பலருக்கும் தெரியாத, கேட்டால் நம்ப முடியாத உண்மைச் சம்பவம் ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் சிங்கப்பூரில் சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலிலேயே நிற்கிறது: வெள்ளைவெளேரென்ற செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். பல வருஷம் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன், ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

அதே இடத்தில் முன்பு இருந்த தேவாலயத்தில் 1845இல் இடி விழுந்தது, 1849இல் மறுபடியும். கட்டடம் பழுதாகி 1852இல் மூடிவிட்டார்கள். வெள்ளைக்காரர்கள் வழிபாட்டை நீதிமன்றக் கட்டடத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். ஊர் சும்மா இருக்குமா? 1853இல் ஒரு வதந்தி கிளம்பியது. கோயிலுக்குள் பேய் புகுந்துவிட்டதாம், அதைச் சாந்தப்படுத்த 30 மனிதத் தலைகள் வேண்டுமாம், ராத்திரியில் ஆளை மடக்கித் தலை எடுக்கக் கைதிகளுக்குக் கவர்னரே உத்தரவு போட்டிருக்கிறாராம்! இருட்டினால் வெளியே வர ஜனங்கள் நடுங்கினார்கள். அப்படி எதுவும் இல்லை என்று கவர்னர் பட்டர்வொர்த் அறிவிப்பே வெளியிட வேண்டியதாயிற்று.

சரி, யார் அந்தக் கைதிகள்? இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டவர்கள். 1825இல், சுமத்ரா தீவில் பிரிட்டிஷார் வசமிருந்த பெங்கூலனிலிருந்து முதலில் வந்து இறங்கிய 80 பேரும் மதராஸ் கைதிகள். பிறகு வங்காளம், பம்பாய்க் கைதிகளும் வந்தார்கள். காவலுக்கு ஆள் போதாமல், நன்னடத்தை உள்ள கைதிகளையே மற்ற கைதிகளுக்குக் காவலாக வைத்தார்கள். அதுவே தனிக் கதை.

வேடிக்கை இனிமேல்தான். தலை வெட்டுவதாகப் பழி சுமந்த அதே கைதிகள் கூட்டம்தான் 1856 முதல் இன்றைய தேவாலயத்தைக் கட்டியது. தலைக்குப் பதில் முட்டையை உடைத்தார்கள்! உட்சுவருக்கும் தூண்களுக்கும் அவர்கள் பூசியது 'மெட்ராஸ் சுணாம்', அதாவது நம் சுண்ணாம்புச் சாந்து. கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை மூன்றையும் அடித்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுப் பூசி, காய்ந்ததும் கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றினார்கள். கைதிகளுக்குப் பொறுப்பாளராக இருந்த மெக்நேர் இந்தப் பக்குவத்தை எழுதி வைத்திருக்கிறார். 1862இல் பிரதிஷ்டை நடந்தது.

காரைக்குடிப் பக்கத்து வீடுகளின் பூச்சைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அப்பத்தாவிடம் போனில் இதை முழுக்கச் சொன்னேன். பேய், 30 தலை எதற்கும் அசரவில்லை. கடைசியில் ஒரே கேள்வி: "ஏண்டா, கடுக்காய் போடலையாமா?"