விசிறியைக் கேடயமாக்க நினைப்பவருக்கு

கேள்வி: பழங்கால வாழ்வை நடித்துக்காட்டும் எஸ்.சி.ஏ. எனப்படும் சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரனிசம் அமைப்பில், கவசம் போட்டுப் பிரம்பு வாளால் மோதும் கவசச் சண்டையில் சாமுராய் வேடத்தில் இறங்கப்போகிறேன். சாமுராய்களிடம் கைக்கேடயம் பெரிதாகப் புழக்கத்தில் இல்லை என்பதால், வலது கையில் வாளும் இடது கையில் போர் விசிறியும் பிடிக்க ஆசை. இணையத்தில் ‘போர்த் தரம்’ என்று போட்டு இரும்பு விசிறி விற்கிறார்கள். வாங்கினால் மார்ஷல் எனப்படும் பாதுகாப்பு அலுவலரின் சோதனையில் தேறுமா? பிரம்பு வாளின் அடியைத் தாங்குமா?

பதில்: வாங்காதீர்கள். செய்துகொள்ளுங்கள்.

‘போர்த் தரம்’ என்பது விற்பவர் தானே ஒட்டிக்கொண்ட சீட்டு. ‘எஸ்.சி.ஏ. அங்கீகாரம் பெற்றது’ என்று போட்டிருந்தால் இன்னும் மோசம். அந்த அமைப்பு எந்தக் கடைச் சரக்குக்கும் முத்திரை குத்துவதில்லை. ஒவ்வொரு நிகழ்விலும் களத்துக்குள் போகுமுன் மார்ஷல் உங்கள் கவசத்தையும் ஆயுதத்தையும் கையில் வாங்கிப் பார்ப்பார், அவ்வளவுதான். அவர் சரி என்ற பிறகும் உங்கள் சாமானுக்கு நீங்கள்தான் பொறுப்பு. இது தெரியாத புதியவர்களைக் குறிவைத்தே இந்த வியாபாரம் நடக்கிறது. வருவது பெரும்பாலும் துணி ஒட்டிய இரும்புக் கம்பிகள், கூர்மையான முனைகள், அடியில் ஒரே ஒரு ரிவெட். சுவரில் மாட்டினால் அழகாக இருக்கும்.

மடக்கு விசிறி ஏன் தேறாது? விரித்துப் பிடித்தால் எல்லா அடியின் விசையும் அடியிலுள்ள அந்த ஒற்றை ஆணிக்குத்தான் போகிறது. எதிராளியின் பிரம்பு குறைந்தது 1¼ அங்குல விட்டம் உள்ளது. முழு வேகத்தில் வருகிறது. கம்பிகள் ஒதுங்கும், துணி கிழியும், பிரம்பின் முனை உள்ளே வரும். விசிறி பாதி மடங்கும்போது உங்கள் விரலே கம்பிகளுக்கு நடுவே நசுங்கும். கெட்டியாகப் பிடிக்கப் பழகினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்ததே. 1561இல் ஜப்பானில் நடந்த நான்காம் கவனகஜிமா போரில் படைத்தலைவர் உஎசுகி கென்ஷின் குதிரையில் பாய்ந்து வந்து வெட்ட, எதிர்ப்படைத் தளபதி தகெடா ஷிங்கென் உட்கார்ந்தபடியே விசிறியால் தடுத்தார் என்ற கதை. நாகானோவில் அதற்குச் சிலையே இருக்கிறது. நடந்ததா என்பதில் ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் உண்டு. நடந்திருந்தாலும், வாளை உருவ நேரமில்லாத தளபதி கையில் கிடைத்ததை நீட்டியிருக்கிறார். அவர் பிடித்திருந்தது மடக்கு விசிறியும் இல்லை. படைக்குச் சைகை காட்டும் குன்பாய் என்ற தட்டை விசிறி. இன்றும் சுமோ நடுவர் கையில் பார்க்கலாம். உங்களுக்கு வேண்டியதும் அந்த வடிவம்தான்.

ஆனால் குன்பாயிலும் ஒரு சிக்கல்: பிடி கீழே இருக்கிறது. கை பலகைக்குப் பின்னால் இல்லை, வெளியே தொங்குகிறது. மணிக்கட்டுக்குக் கீழே உள்ள கைப்பகுதி அடிக்கும் குறி இல்லை என்பது விதி. பிரம்புக்கு விதி தெரியாது. மேல் ஓரத்தில் விழும் அடி பலகையை நெம்புகோல்போல் திருப்பி மணிக்கட்டை முறுக்கும். பலகை சாயும், அடுத்த அடி தலையில். எனவே அடிப்படை ஒன்றே: முஷ்டி பலகையின் நடுவுக்குப் பின்னால் இருக்க வேண்டும். கீழே தெரியும் காம்பு 10 செ.மீ. அலங்காரம் மட்டும். சொல்லப்போனால் நீங்கள் செய்வது விசிறி வேடம் போட்ட சிறு கேடயம்.

அளவு: உயரம் 45 செ.மீ., அகலம் 35 செ.மீ. பழைய குன்பாயைவிட அகலம்தான். அதைவிடச் சிறியதாகச் செய்தால் உங்கள் கை வேகம் அசாத்தியமாக இருக்க வேண்டும். 12 மி.மீ. பிளைவுட் போதும், ஏறக்குறைய 1 கிலோ வரும். 3 மி.மீ. அலுமினியத் தகடும் அதே எடைதான், ஆயுள் அதிகம். 1.6 மி.மீ. இரும்புத் தகடு ஒன்றரைக் கிலோ; நாலாவது சண்டையில் தோள் இறங்கிவிடும். மெல்லிய பிளாஸ்டிக் தகடு வளைந்து கொடுக்கும், அடி கைக்கு வந்துசேரும்.

குன்பாயின் இடுப்புப்பகுதியில் இருபுறமும் உள்வளைவு இருக்கும். அதை அப்படியே அறுக்காதீர்கள். ஆழமான வளைவில் எதிராளி வாளைக் கொக்கிபோல் மாட்டி இழுப்பார், ஓர ரப்பரும் அங்கே மடங்கி எழும்பும். 2 செ.மீ. ஆழத்தோடு நிறுத்தி, மீதியைக் கறுப்பு வண்ணத்தில் வரைந்துவிடுங்கள். பத்தடி தூரத்தில் யாருக்கும் தெரியாது.

ஓரத்துக்கு: காருக்குப் போடும் கெட்டி ரப்பர் ஹோஸை நீளவாக்கில் கீறி ஓரம் முழுக்க மாட்டுங்கள். பலகை ஓரத்திலிருந்து 1 செ.மீ. உள்ளே, 5 செ.மீ.க்கு ஒரு துளை போட்டு, மெழுகிட்ட நைலான் நூலால் ஹோஸோடு சேர்த்துத் தையுங்கள். அதன் மேல்தான் டேப். தைக்காமல் டேப் மட்டும் சுற்றுகிறவர்களின் ஓரம் முதல் பலமான அடியிலேயே கழன்று தொங்கும், மார்ஷல் வெளியே அனுப்புவார். அப்போது அவரைத் திட்டிப் பயனில்லை.

பிடிக்கு 3 செ.மீ. தடிமனுள்ள கெட்டி மரக்கட்டை, செங்குத்தாக, இரு முனையிலும் மரத்துண்டு வைத்து உயர்த்தி. கையுறை போட்ட முஷ்டிக்கும் பலகைக்கும் நடுவே இடம் வேண்டும். பலகையிலிருந்து பிடியின் நடுவுக்கு 7 செ.மீ. கொடுங்கள். 6 மி.மீ. போல்ட், உருண்டைத் தலை வெளிப்பக்கம், நட் உள்பக்கம். மிஞ்சும் மரையை அறுத்து, மூடிய நட் போடுங்கள். உள்ளே துருத்தும் எதுவும் ⅜ அங்குலத்தைத் தாண்டினால் மெத்தை வைக்க வேண்டும், தாண்டாவிட்டாலும் வையுங்கள். முஷ்டிக்கு எதிரே 12 மி.மீ. ஃபோம் ஒட்டுங்கள். பிடியைத் திருகுமுன், அலங்காரக் காம்பையும் பொருத்திப் பலகையை ஒரு விரலில் நிறுத்திப் பாருங்கள். சமநிலை வரும் இடமே பிடியின் நடு.

‘விரித்த மடக்கு விசிறியின் தோற்றம்தான் வேண்டும்’ என்றால் அதற்கு வழி உண்டு: ஒரே பலகையில் விசிறி வடிவம் வெட்டி, கம்பிகளை வரைந்து, தங்க நிறத்தில் சிவப்புச் சூரியன். அசையும் பாகம் கிடையாது, ஆகவே மேலே சொன்ன குறை எதுவும் இல்லை. ஆனால் மேலே இரு மூலைகளும் முள்ளாக நிற்கும். ஒவ்வொன்றையும் குறைந்தது 3 செ.மீ. ஆரத்தில் உருட்டுங்கள், இல்லாவிட்டால் ஹோஸ் மூலையில் பிளக்கும், நெருக்கத்தில் எதிராளியின் முகக்கம்பியில் குத்தும். எடை முழுக்க மேலே இருப்பதால் பிடியும் மேலே ஏறும். கீழ்க்கூம்பு குறுகலாக இருப்பதால் முன்கை வெளியே தெரியும். மணிக்கட்டுக்கு மேலே உள்ள கைப்பகுதி முறையான குறி. முழங்கைக் கவசமும் முன்கைத் தகடும் இல்லாமல் இந்த வடிவத்தைத் தொடாதீர்கள். பார்வைக்கு இதுதான் அழகு, பாதுகாப்புக்குக் குன்பாய்தான் மேல். தேர்வு உங்களுடையது.

எதை எடுத்தாலும் உடம்போடு ஒட்டிப் பிடிக்காதீர்கள். கையை முன்னே நீட்டி, அடி வேகமெடுக்குமுன் அதன் பாதையில் வையுங்கள். தொடைக்கு இதில் மறைப்பு கிடையாது. அதை வாளாலும் காலடியாலும்தான் காக்க வேண்டும். விசிறியால் யாரையும் அடிக்காதீர்கள், அது கேடயம்.

மார்ஷல் விஷயம். விசிறிக்கென்று தனி விதி இல்லாததால் ஒருவர் சிரித்துக்கொண்டே விடுவார், பக்கத்து ராஜ்யத்து (அமைப்பின் வட்டாரப் பிரிவுக்கு அதுதான் பெயர்) மார்ஷல் அதே பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ‘இதைப் பார்த்ததில்லை’ என்பார். பார்த்ததில்லை என்பது எப்போது விதியானது என்று கேட்கத் தோன்றும். 1966இல் தொடங்கிய அமைப்பில் இன்னும் இப்படித்தான் நடக்கிறது. வாதம் வேண்டாம். ‘போர் விசிறி’ என்று ஆரம்பித்தால் கதை நீளும். ‘நடுப்பிடி வைத்த சிறு கேடயம், ஓரம் தைத்தது, போல்ட் மூடியது’ என்று சொல்லி நீட்டுங்கள். அமைப்பு அமெரிக்காவில் ஆண்டுதோறும் நடத்தும் பென்சிக் போன்ற பெரிய போருக்குப் போவதாக இருந்தால் உங்கள் ராஜ்ய மார்ஷலிடம் முன்கூட்டியே படம் அனுப்பிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவையுங்கள். அதோடு காரில் ஒரு சாதாரண வட்டக் கேடயமும் இருக்கட்டும்.