இரண்டு கை உள்ள ரேடியோ பெட்டி: வாசகர் கேள்விகள்

கேள்வி: தாத்தாவின் வால்வு ரேடியோ பெட்டி ஒன்று பரணில் கிடந்தது. மூடியைத் திறந்தால் இசைத்தட்டு சுற்றும் மேடை, அதன் மேல் இரண்டு கைகள். ஒன்று தட்டைப் பாட வைப்பதற்கு. இன்னொன்று கனமாக இருக்கிறது, அடியில் நீளமான திருகுத்தண்டு ஓடுகிறது. கூடவே ஒரு மைக். இது என்ன? பிளக்கைச் செருகிப் பார்க்கலாமா?

பதில்: செருகாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்களிடம் இருப்பது வீட்டிலேயே இசைத்தட்டு வெட்டும் இயந்திரம். அமெரிக்காவில் வில்காக்ஸ்-கே நிறுவனம் ரெக்கார்டியோ என்ற பெயரில் விற்றதும் இந்த வகைதான். 1930களின் கடைசியிலிருந்து டேப் ரெக்கார்டர் வந்து ஓரங்கட்டும் வரை, குழந்தையின் மழலையையும் ரேடியோவில் வந்த பாட்டையும் இப்படித்தான் தட்டில் ஏற்றினார்கள். அந்தக் கனமான கைதான் வெட்டும் கை. திருகுத்தண்டு அதை மெல்ல நகர்த்த, நுனியில் இருக்கும் முள் அதிர்ந்துகொண்டே பள்ளம் போட்டுக்கொண்டு போகும்.

சரி, ஏன் செருகக் கூடாது? உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கண்டன்சர்கள்தான் காரணம். மெழுகு பூசிய காகிதக் கண்டன்சர் இத்தனை வருடத்தில் ஈரம் குடித்து மின்சாரத்தைக் கசிய விடும். கடைசி வால்வுக்கு முன்னால் இருப்பது கசிந்தால் வால்வு அளவுக்கு மீறிக் கொதித்து, ஸ்பீக்கர் டிரான்ஸ்பார்மரையும் சேர்த்துச் சாகடிக்கும். ஆர்வக்கோளாறில் நானே ஒருமுறை செருகி, பத்து நிமிடம் அழகாகப் பாடியதைக் கேட்டு மகிழ்ந்து, அப்புறம் புகையைப் பார்த்தவன். காகிதக் கண்டன்சர், எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர் இரண்டு வகையையும் சோதிக்காமலே புதிதாக மாற்றிவிடுங்கள். மைக்கா வகையைப் பெரும்பாலும் தொட வேண்டியதில்லை. முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது 60 அல்லது 100 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைத்துக் கொடுங்கள் (எல்.ஈ.டி. உதவாது). பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்ல சகுனம். முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் உள்ளே எங்கோ ஷார்ட். அணைத்த பிறகும் பில்டர் கண்டன்சரில் 300 வோல்ட் வரை தேங்கி நிற்கலாம், வெறும் கையை உள்ளே விடாதீர்கள். சில மாடல்களில் டிரான்ஸ்பார்மரே கிடையாது, இரும்புச் சட்டமே நேரடியாக மெயின்ஸில் இருக்கும். வால்வு செட்டில் கை வைத்துப் பழகாதவர் என்றால் இந்தக் கட்டத்தைப் பழைய மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது.

கேள்வி: பெட்டியோடு ஏழெட்டு தட்டுகள் இருக்கின்றன, மேலே வெள்ளையாகப் பூத்திருக்கிறது. ஒன்றை ஓரத்தில் முள் வைத்துப் போட்டேன், முள் வெளியே சறுக்கி விழுந்துவிட்டது. கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை, அது உள்ளிருந்து வெளியே வெட்டிய தட்டாக இருக்கும். வெட்டும்போது தலைமுடி போல ஒரு கறுப்பு நூல் எழும்பி நடுவை நோக்கிச் சுருளும். நடுவிலிருந்து தொடங்கினால் அது முள்ளின் வழியில் வராது. அதனால் பலர் அப்படி வெட்டினார்கள். லேபிளை ஒட்டிய பள்ளத்தில் முள்ளை வைத்துப் பாருங்கள்.

ஆனால் அந்தப் பெட்டியின் கையால் மட்டும் போடாதீர்கள்! கெஞ்சிக் கேட்கிறேன். அலுமினியம் அல்லது அட்டையின் மேல் பூசிய மெல்லிய நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு அது, கடையில் வாங்கிய அரக்குத் தட்டு இல்லை. கனமான பழைய கையும் இரும்பு முள்ளும் ஒவ்வொரு முறையும் குரலைச் சுரண்டி எடுக்கும். எடை குறைந்த கையில், நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகளுக்கான முள்ளைப் போட்டு, முதல் முறை ஓடும்போதே கணினியில் பதிவு செய்துவிடுங்கள். வெள்ளைப் பொடி பூஞ்சை அல்ல. பூச்சு விறைக்காமல் இருக்க விளக்கெண்ணெய் சேர்ப்பார்கள், அது சிதைந்து கொழுப்பு அமிலமாக வெளியே வருகிறது. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் பூச்சே கரையும். அட்டைத் தட்டில் தண்ணீரும் ஆகாது. பூச்சு செதிலாகப் பெயர்ந்த தட்டை ஓட்டவே வேண்டாம், ஒலிப்பதிவுகளைப் பாதுகாக்கும் ஆவணக் காப்பகத்தைக் கேளுங்கள்.

என்னைக் கேட்டால் ரேடியோவுக்கு முன்னால் இந்த வேலையைத்தான் முடிப்பேன். ரேடியோ இன்னும் பத்து வருடம் காத்திருக்கும், இந்தப் பூச்சு இருக்காது.

கேள்வி: 110 வோல்ட் பெட்டிக்கு டிரான்ஸ்பார்மர் வாங்கி மாட்டினேன். ரேடியோ அருமை, தட்டு மட்டும் அழுகிற மாதிரி ஓடுகிறது. ரப்பர் சக்கரத்தைப் பெரிதாக்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், சைக்கிளை (மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற ஹெர்ட்ஸ் கணக்கை) மாற்றாது. அமெரிக்காவின் 60 சைக்கிள் மோட்டாரை நம் ஊர் 50-ல் ஓட்டினால் 78 சுற்று 65 ஆகிவிடும். மோட்டார் தண்டுக்கும் சுற்றும் மேடைக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் சக்கரம் வேகத்தைக் கடத்துகிற வேலையை மட்டும்தான் செய்கிறது, அதன் அளவு கணக்கிலேயே வராது. மோட்டார் தண்டின் குறுக்களவு 1.2 மடங்காக வேண்டும்; ஒரு பித்தளை உறை கடைந்து மாட்டினால் போதும். சோதிக்க 50 சைக்கிளுக்கான 77 கோட்டு ஸ்ட்ரோப் தட்டும் ஒரு நியான் விளக்கும் வேண்டும். தட்டு சுற்றும்போது கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் சரி. (ரப்பர் கல்லாகி ஒரு பக்கம் தட்டையாகியிருந்தால் டொக் டொக் என்று சத்தம் வரும், அதற்கு ரப்பரை மாற்றத்தான் வேண்டும்.)

கேள்வி: ரேடியோ நன்றாகப் பாடுகிறது, ஆனால் வெட்டிய தட்டில் ஒன்றுமே கேட்கவில்லை.

பதில்: வெட்டும் தலையின் இரண்டு கம்பிகளிலும் மீட்டரை வைத்துப் பாருங்கள். ஓம் காட்டினால் காந்த வகை. உள்ளே இருக்கும் ரப்பர் துண்டுகள் இறுகியிருக்கும், மாற்றினால் பிழைக்கும். ஒன்றும் காட்டாவிட்டால் பெரும்பாலும் படிக வகை. ரோஷெல் உப்புப் படிகம் ஈரத்தில் கரைந்து போகிற சாதி, புதுப் படிகம் போடாமல் வழியில்லை.

கேள்வி: வெற்றுத் தட்டு இப்போது கிடைக்கிறதா?

பதில்: கிடைப்பது குதிரைக்கொம்பு. கலிபோர்னியாவில் இந்தத் தட்டுகளைச் செய்துவந்த அப்போலோ மாஸ்டர்ஸ் தொழிற்சாலை 2020 பிப்ரவரியில் எரிந்துபோனது, ஜப்பானின் எம்.டி.சி.தான் மிஞ்சியது, அவர்கள் செய்வதும் ஸ்டுடியோக்களுக்கான தட்டுதான். பழகுவதற்குப் பழைய சி.டி.யிலோ பிளாஸ்டிக் தகட்டிலோ முள்ளை அழுத்திப் பள்ளம் போட்டுப் பார்க்கிறார்கள், சுமாராகக் கேட்கும். பழைய வெற்றுத் தட்டு கிடைத்து வெட்டினீர்கள் என்றால், எழும்பும் நூலைத் தண்ணீர் ஊற்றிய டப்பாவில் போடுங்கள், பக்கத்தில் யாரும் பீடி, சிகரெட் பற்றவைக்க வேண்டாம். அந்த நூல் குப்பென்று பற்றிக்கொள்ளும்.