யார் மீதும் குற்றமில்லை, பாட்டிக்கு அட்டையும் இல்லை

கேள்வி: அலுவலகங்களில் அலைக்கழியும் மனிதர்களைப் பற்றிய வெளிநாட்டுப் படங்களைச் சென்ற இதழில் பாராட்டியிருந்தீர்கள். நான் அரசாங்க அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன். எங்களை இரக்கமற்றவர்களாகக் காட்டும் நடக்காத கதைகள் அவை. ஓர் அட்டைக்காகப் பிணத்தைத் தோண்டுவார்களா?
– ஒரு வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: ஐயா, நீங்கள் சொல்வது 1966இல் கியூபாவில் தோமாஸ் குத்தியெரெஸ் ஆலெயா எடுத்த ‘ஒரு அதிகாரியின் மரணம்’. தொழிலாளி ஒருவரை மரியாதைக்காக அவருடைய தொழிலாளர் அட்டையோடு அடக்கம் செய்துவிடுகிறார்கள். பென்ஷன் கேட்கும் மனைவியிடம் அந்த அட்டையைக் கேட்கிறது அலுவலகம். தோண்ட அனுமதி கிடைக்காததால் உறவுக்கார இளைஞன் இரவில் திருட்டுத்தனமாகத் தோண்டுகிறான். மறுபடி புதைக்கப் போனால், தோண்டியதற்கு உத்தரவு எங்கே என்று கேட்கிறது மயானம். இதில் இரக்கமற்றவர் யார்? ஒவ்வொருவரும் தம் விதிப்படி சரியாகத்தான் நடக்கிறார்கள். பிணம் வீட்டில் கிடக்கிறது. முடிவில் அந்த இளைஞன் மயான அதிகாரியின் கழுத்தை நெரிக்கிறான். அந்த இடத்தில் மட்டும் உங்கள் கோபம் நியாயமானது. அதுவரை யாரையும் கொடியவராக்காத படம், அங்கே அவசரப்பட்டு ஒருவரைப் பிடித்துக்கொடுத்துவிட்டது.

நடக்காத கதை என்கிறீர்கள். உங்கள் ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களையே பாருங்கள். லயத்து வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்து, காலமெல்லாம் இந்த மண்ணில் ரப்பர் பால்மரம் வெட்டிய பாட்டிகள், குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு நிற்கிறார்கள். ஓட்டுரிமை இல்லை. இங்கே பிறந்ததற்குப் பத்திரம் வேண்டும். பிறப்பை எழுதி வைத்திருக்க வேண்டிய தோட்டத்து ஆபீஸ் இன்று இல்லை. தோட்டமே துண்டு போடப்பட்டு விற்கப்பட்டுவிட்டது. சாட்சி சொல்லக்கூடியவர்களும் இறந்துவிட்டார்கள். சாட்சியை மண்ணுக்குள் தேடும் நிலை கியூபாவின் ஹவானாவுக்கு மட்டும் உரியதா?

தோட்டக் காலத்துக் கொடுமைக்கு முகம் இருந்தது. துரை, கிராணி, கங்காணி என்று பெயர் சொல்லித் திட்டலாம். கூட்டமாகப் போய் பங்களா வாசலில் நிற்கலாம். இன்று எண் சீட்டு வாங்கி உட்கார்ந்தால், முகப்பில் இருக்கும் பெண் அன்பாகவே பேசுகிறாள். ‘என் கையில் இல்லை பாட்டி’ என்று அவள் சொல்வது உண்மை. மேலே இருப்பவரும் அதையே சொல்வார், அதுவும் உண்மை. நம் தமிழ்ப் படங்கள் ஒரு லஞ்ச அதிகாரியை நாயகன் கையால் அறைய வைத்து நம்மை வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றன. அறைவதற்கு ஆளே இல்லாதபோது என்ன செய்வது என்று அவை கேட்பதில்லை. அதனால்தான் இந்தப் படங்களை நம் மக்கள் பார்க்க வேண்டும் என்கிறேன்.

டெர்ரி கில்லியமின் ‘பிரேசில்’ (1985) அலங்காரம் மிகுந்த படம். பாதிக்கு மேல் எனக்கு அலுப்பு. ஆனால் அதன் தொடக்கத்தை மறக்க முடியாது. அச்சு இயந்திரத்தில் ஒரு பூச்சி விழுந்து, டட்டில் என்ற பெயர் பட்டில் ஆகிவிடுகிறது. தவறான ஆளைப் பிடித்துச் செல்கிறார்கள். அவன் மனைவியிடம் ரசீதில் கையெழுத்தும் வாங்குகிறார்கள். ஓர் எழுத்து மாறிய பிறப்புப் பத்திரத்தால் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க அலைந்த தகப்பன் இதை மிகைப்படுத்தல் என்று சொல்லமாட்டான்.

அலுவலர்களை அவமதிக்கும் கதைகள் என்பதை நான் ஏற்கவில்லை. இந்த வகைக் கதைகளுக்கெல்லாம் மூலவரான எழுத்தாளர் காஃப்காவே உங்களைப் போன்றவர்தான். 1908 முதல் 1922 வரை பிராகாவில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தார். கைவிரல் இழந்த தொழிலாளிகளின் கோப்புகளை அந்தப் பக்கம் உட்கார்ந்து படித்த மனிதர். அவர் இறந்தபின் 1925இல் வெளிவந்த ‘விசாரணை’ நாவலை 1962இல் ஆர்சன் வெல்ஸ் படமாக்கினார். நூற்றுக்கணக்கான மேசைகள் வரிசையாக நீளும் அந்தக் கூடத்தை ஒருமுறை பாருங்கள். அங்கே தட்டச்சு செய்பவர்களும் அகப்பட்டுக்கொண்டவர்கள்தாம்.

உங்கள் மேசைக்கு வந்து, விதி இடம் கொடாததால் நீங்கள் திருப்பி அனுப்ப நேர்ந்தவர்கள் இருப்பார்கள். பெயர்களை விட்டுவிட்டு அதை எழுதி அனுப்புங்கள் ஐயா. ஒரு வரியும் வெட்டாமல் வெளியிடுகிறேன்.