இறால் செத்துக் கிடக்கிறதா, சட்டை உரித்திருக்கிறதா?

இந்த முறை வந்த கேள்விகளில், கடல்நீர்த் தொட்டியில் அழகுக்காக வளர்க்கும் இறால்களைப் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மீனுக்குச் சொல்லும் யோசனையையே இறாலுக்கும் சொல்லிவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அதனாலேயே நிறைய இறால்கள் வீணாகச் சாகின்றன. எனக்கு அது பொறுக்கவில்லை.

கேள்வி: மீனின் உடம்பைக் கொறித்துச் சுத்தம் செய்யும் கிளீனர் இறால் ஒன்று வாங்கி மூன்று வாரம் ஆகிறது. இன்று காலை கல்லுக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தது. அசைவே இல்லை. உடம்பு வெளிறிக் கண்ணாடி மாதிரி இருக்கிறது. மீன் கொன்றுவிட்டதா? எடுத்துப் போட்டுவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. செத்த இறால் கண்ணாடி மாதிரி இருக்காது. உள்ளே சதை இருக்கும், சீக்கிரமே அது மங்கிப்போகும், நாற்றமும் எடுக்கும். நீங்கள் பார்த்தது அநேகமாக அது கழற்றிப் போட்ட சட்டைதான்.

சந்தேகம் தீர வேண்டுமானால் கண்ணைப் பாருங்கள். சட்டை உரியும்போது கண்மேல் இருக்கும் மெல்லிய உறைகூடக் கழன்று வந்துவிடும். ஆனால் கண்ணின் கறுப்பு இறாலோடு போய்விடும். கண் இருக்க வேண்டிய இடத்தில் நிறமில்லாத வெற்றுக் குமிழ் இருந்தால் அது சட்டை. அடுத்தது முதுகு. தலை ஓடும் வால் பகுதியும் சேரும் இடத்தில் ஒரு பிளவு தெரியும். இறால் வெளியே வந்த வழி அதுதான். கரண்டியால் மெதுவாகத் தள்ளினால் கனமே இல்லாமல் நீரோட்டத்தோடு போகும்.

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது. விளக்கு அணைந்த பிறகு சிவப்பு வெளிச்சம் உள்ள டார்ச்சைப் பிடித்தால் இறால் அவ்வளவாக மிரளாது. சட்டை உரிக்கப்போகும் இறால் அதற்கு முன்பே சாப்பாட்டைக் குறைத்துவிடும். பிறகு ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு முதுகை வளைக்கும். பின்கழுத்துப் பக்கம் ஓடு திறக்கும். முதலில் தலை, அப்புறம் கால்கள், அப்புறம் அந்த நீண்ட வெள்ளை மீசைகள் என்று ஒவ்வொன்றாகப் பழைய உறைக்குள்ளிருந்து உருவி எடுக்கும். உடம்பைவிட நீளமான மீசையை ஒடியாமல் உருவ வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள். கடைசியில் வாலை ஒரு சொடுக்கு. வெளியே வந்துவிடும். இதெல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

வெளியே வந்ததும் அது தண்ணீரை உறிஞ்சிக் கொஞ்சம் பெருக்கும். புதிய ஓடு மிருதுவாக இருக்கும்போதே அப்படிப் பெருத்தால்தான் வளர முடியும். ஓடு இறுகுவதற்கு ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். அதுவரைக்கும் அதற்குப் பாதுகாப்பு என்று எதுவும் கிடையாது. அதனால்தான் ஒளிந்துகொள்கிறது. உங்கள் இறாலும் இப்போது ஏதாவது ஒரு கல்லிடுக்கில் இருக்கும். தயவுசெய்து தேடாதீர்கள். கல்லைப் புரட்டாதீர்கள், வலை விடாதீர்கள், தண்ணீர் மாற்றும் வேலையையும் இரண்டு நாள் தள்ளிவையுங்கள். கழற்றிய சட்டையை ஒரு நாள் அங்கேயே விட்டுவைப்பதில் தவறில்லை. சில இறால்கள் அதைத் திரும்பிவந்து கொறிக்கும்.

இளம் இறால் அடிக்கடி உரிக்கும், பெரியது சில வாரங்களுக்கு ஒருமுறை. உரிக்கும்போது பாதியில் சிக்கிச் சாவதும் உண்டு. நான் பார்த்தவரையில் பெரும்பாலும் அதற்கு முந்தைய நாட்களில் உப்புத்தன்மை திடீரென ஏறியோ இறங்கியோ இருந்திருக்கும். சிலர் உடனே அயோடின் பாட்டிலைத் தேடுவார்கள். நல்ல கடல் உப்பில் கலக்கிய தண்ணீரை ஒழுங்காக மாற்றிக்கொண்டு வந்தால் அயோடின் தனியாக ஊற்ற வேண்டிய அவசியமில்லை. அளவு மிஞ்சினால் அதுவே நஞ்சு. அளந்து பார்க்க முடியாத எதையும் தொட்டியில் ஊற்றாதீர்கள். கால்சியம் 400 முதல் 450, மெக்னீசியம் 1300-ஐ ஒட்டி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டும் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு.

கேள்வி: பையை அரை மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, இறாலை எடுத்து விட்டால் போதும் என்று கடையில் சொன்னார்கள். அப்படியே செய்தேன். மறுநாளே போய்விட்டது. பண்ணையில் வனாமி இறால் குறைந்த உப்பிலும் வளர்கிறதே, இதற்கு மட்டும் என்ன?

பதில்: வனாமியை வைத்து எல்லா இறாலையும் எடைபோடக் கூடாது. அது உவர்நீரிலும் வாழ்ந்து பழகிய இனம். மெல்ல மெல்லப் பழக்கினால் மிகக் குறைந்த உப்பையும் தாங்கும். கிளீனர் இறால் பவளப்பாறையில் பிறந்தது. அங்கே கடல்நீரின் உப்பு ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவு: ஆயிரத்துக்கு 35 பங்கு. திடீர் மாற்றத்தைச் சமாளிக்கும் திறன் அதன் உடம்பில் குறைவு.

மிதக்கவிட்டால் பைக்கும் தொட்டிக்கும் வெப்பம் சமமாகும், உப்பு சமமாகாது. கடைத் தொட்டிகளில் உப்பைக் குறைத்து வைப்பது சாதாரணமாக நடப்பதுதான். உப்பு கூடக் கூடத் தண்ணீரின் அடர்த்தியும் கூடும். பைத் தண்ணீர் 1.021 அடர்த்தியில் இருந்து உங்கள் தொட்டி 1.026-இல் இருந்தால், இறாலுக்கு அது பெரிய அடி. அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். பையைத் திறக்காமலே மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். பிறகு இறாலைத் தண்ணீரோடு ஒரு சின்ன வாளியில் விட்டு, ஏர் டியூபில் தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டுத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இறக்குங்கள். நொடிக்கு இரண்டு மூன்று சொட்டு. வாளித் தண்ணீரின் உப்பு தொட்டி அளவுக்கு வரும்வரை விடுங்கள், ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகலாம். கடிகாரத்தை நம்ப வேண்டாம், உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தொலைவிலிருந்து பார்சலில் வந்த பை என்றால் இன்னொரு சிக்கல். நீண்ட நேரம் மூடியே இருந்த பையில் கரியமில வாயு சேர்ந்து தண்ணீரின் பி.எச். இறங்கியிருக்கும், அதாவது அமிலத்தன்மை கூடியிருக்கும். அந்த நிலையில், இறாலின் கழிவிலிருந்து உள்ளே சேர்ந்திருக்கும் அம்மோனியா அவ்வளவு கெடுதல் செய்யாது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பி.எச். ஏறும், அதே அம்மோனியா கொல்ல ஆரம்பிக்கும். எனவே திறந்த உடனே அம்மோனியாவைக் கட்டும் மருந்தைக் கையோடு சேர்த்துவிட்டு அப்புறம் சொட்ட விடுங்கள். திறந்துவைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடக் கூடாது.

இதோடு சேர்த்து ஒன்று. தொட்டியில் தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. 100 லிட்டர் தொட்டியில் 10 லிட்டர் ஆவியாகிவிட்டால் 35 ஆக இருந்த உப்பு 39-ஐத் தொட்டுவிடும். குறைந்ததை ஈடுகட்ட உப்பு நீக்கிய ஆர்.ஓ. நீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புநீரை அல்ல. வாரத்துக்கு ஒருமுறை வாளியாகக் கொட்டாமல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

கேள்வி: மீன்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன, இறால்கள் மட்டும் ஒரே இரவில் செத்துவிட்டன. தண்ணீரைச் சோதித்தால் எல்லாம் சரி என்கிறது.

பதில்: மீன் பிழைத்து இறால் மட்டும் போனால் நான் முதலில் இரண்டைத்தான் கேட்பேன். ஒன்று தாமிரம். மற்றது பூச்சி மருந்து. சாதாரணமாக நாம் செய்யும் சோதனைகளில் இரண்டுமே அகப்படாது.

மீனின் வெள்ளைப்புள்ளி நோய்க்குக் கொடுக்கும் பல மருந்துகளில் தாமிரம் இருக்கிறது. லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் அளவில் மீன் அதைத் தாங்கும், இறால் தாங்காது. இறாலின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே தாமிரம் கலந்த ஒரு புரதம்தான். இருந்தும் தண்ணீரில் கரைந்து வரும் தாமிரம் அதற்கு எமன். அந்த மருந்தைப் பழைய சொந்தக்காரர் எப்போதோ ஊற்றியிருந்தாலும் கல்லிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு பின்னால் கசியும். பழைய தொட்டியோ கல்லோ வாங்கியிருந்தால் தாமிரத்துக்கென்று உள்ள சோதனைக் கிட்டில் பார்த்துவிடுங்கள்.

பூச்சி மருந்து விஷயத்தில் நம் கவனம் இன்னும் குறைவு. கொசுவுக்கு அடிக்கும் ஸ்ப்ரே, கரப்பான் மருந்து, நாய்க்கு உண்ணி விழுவதற்காகத் தடவும் திரவம் போன்ற பலவற்றில் பைரித்ராய்டு என்ற வகைப் பூச்சிக்கொல்லி இருக்கும். பூச்சியும் இறாலும் ஒரே கணுக்காலிக் கூட்டம். ஒன்றைக் கொல்வது மற்றதையும் கொல்லும். அந்த அறையில் ஸ்ப்ரே அடித்தால் ஏர் பம்ப் அதை உறிஞ்சி நேராகத் தண்ணீருக்குள் குமிழியாக விடும். நாய்க்கு மருந்து தடவிய கையைத் தொட்டிக்குள் விட்டாலும் அதே கதிதான். உடனே செய்ய வேண்டியது நஞ்சை உறிஞ்சும் ஆக்டிவேட்டட் கார்பனைப் புதிதாகப் போட்டு, பெரிய அளவில் தண்ணீரை மாற்றுவது. மிச்சம் ஏதாவது இறால் இருந்தால் அதனால் பிழைக்கலாம்.

கேள்வி: மீனுக்கு வெள்ளைப்புள்ளி வந்திருக்கிறது. கிளீனர் இறால் இருந்தால் தின்று சரிசெய்துவிடும் என்கிறார்களே?

பதில்: சரிசெய்யாது. அந்த நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு அடியில் புதைந்திருக்கும். இறால் மீனின் மேல் ஏறிச் செத்த தோலையும் ஒட்டியிருப்பதையும் கொறிக்கும், அவ்வளவுதான். மீனைப் பிடித்து வேறு தொட்டியில் வைத்து மருந்து கொடுங்கள். இறால் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், அந்த நோய் அதற்கு வராது. இறால் இருக்கும் அந்தத் தொட்டியை இரண்டரை மாதம் மீனே இல்லாமல் வைத்தால் ஒட்டுண்ணி பிழைக்க வழியில்லாமல் போகும்.

கேள்வி: கல்லெல்லாம் கண்ணாடி அனிமோன் மொய்த்துவிட்டது. அதைத் தின்னும் என்று பெப்பர்மின்ட் இறால் விட்டேன். அனிமோன் அப்படியே இருக்கிறது, பவளம்தான் குறைகிறது!

பதில்: நீங்கள் விட்டது பெப்பர்மின்ட்தானா என்று பாருங்கள். கேமல் இறாலை அந்தப் பெயரில் விற்பது நிறைய நடக்கிறது. பெப்பர்மின்ட் இறாலின் உடம்பு ஏறக்குறைய ஒளி ஊடுருவும், நீளவாட்டில் சிவப்புக் கோடுகள் ஓடும். கேமல் இறாலுக்கு முதுகில் திமில், பெரிய கண், சிவப்பு உடம்பில் வெள்ளைக் கோடும் புள்ளியும். மூக்குக் கொம்பைப் பார்த்தால் குழப்பமே இல்லை, கேமல் இறால் அதைக் கீல் போட்டதுபோல் மேலும் கீழும் மடக்கும். அது கூட்டமாகப் பவளத்தைத் தின்னும். பிடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பெப்பர்மின்ட்தான் என்றால் தீனியைக் குறைத்துப் பாருங்கள். மீனுக்குப் போடுவது மிச்சமாகி அடியில் விழும்போது அது எதற்கு அனிமோனிடம் போக வேண்டும்? சில இறால்கள் என்ன செய்தாலும் தொடாது என்பதும் உண்மை.

கேள்வி: இரவில் தொட்டியிலிருந்து "டிக்", "டிக்" என்று சத்தம். கண்ணாடி விரிகிறதோ என்று பயமாக இருக்கிறது. புதுக் கல் வைத்த பிறகுதான் இது.

பதில்: தண்ணீர் கசியாதவரை பயப்பட வேண்டாம். கல்லோடு பிஸ்டல் இறால் ஒன்று வந்திருக்கலாம். பெரிய கொடுக்கை அது மூடும் வேகத்தில் ஒரு நீர்த்தாரை பாய்ந்து, அதில் ஒரு குமிழி உண்டாகி உடையும். கொடுக்கு மோதுவதால் சத்தம் வருவதில்லை, குமிழி உடைவதால்தான் வருகிறது என்பதை 2000-இல் அதிவேகக் கேமரா வைத்து நிரூபித்தார்கள்.

சில வகைப் பிஸ்டல் இறால்கள் கோபி மீனோடு ஒரே வளையில் குடியிருக்கும். உங்களுடையது அந்த வகையாக இருந்தால் ஒரு கோபியை வாங்கிவிடுங்கள். இறாலுக்குப் பார்வை மட்டு. மண்ணை அள்ளிக்கொண்டு வெளியே வரும்போதெல்லாம் ஒரு மீசையை மீனின் மேல் வைத்தபடியே வரும். மீன் வாலை ஆட்டினால் ஆபத்து என்று அர்த்தம், இரண்டும் உள்ளே போய்விடும். பாரமான கல் மணல்மேல் நிற்காமல் நேராகத் தொட்டியின் அடியில் நிற்கட்டும். இல்லாவிட்டால் இறால் தோண்டித் தோண்டிக் கல் சரிந்துவிடும்.

கேள்வி: இரண்டு கிளீனர் இறால்களுக்குமே வயிற்றுக்கு அடியில் பச்சையாக முட்டை. இரண்டுமே பெண்ணா? குஞ்சுகளைக் காப்பாற்ற முடியுமா?

பதில்: இரண்டும் ஆணும்தான், பெண்ணும்தான். இந்த இனம் முதலில் ஆணாக வளர்ந்து, பிறகு இரு தன்மையும் ஒருசேரப் பெறும். எது சட்டை உரிக்கிறதோ அது அப்போது பெண், மற்றது ஆண். அதனால் கிளீனர் இறாலை இரண்டாக வாங்கினாலே ஜோடிதான். பாக்ஸர் இறாலுக்கு இதைச் செய்துவிடாதீர்கள். ஜோடி சேராத இரண்டை ஒரே தொட்டியில் விட்டால் ஒன்று மற்றதைக் கொல்லும்.

குஞ்சு விஷயத்தில் நம்பிக்கை கொடுக்க முடியவில்லை. இரவில் பொரியும், மிதக்கும், விடிவதற்குள் மீனும் ஃபில்டரும் முடித்துவிடும். தனியாகப் பிரித்தாலும் பல மாதம் மிதவைப் பருவத்திலேயே இருக்கும். அந்தக் காலம் முழுக்க உயிருள்ள நுண்தீனி கொடுக்க வேண்டும். வீட்டில் செய்து வென்றவர்கள் இருக்கிறார்கள், மிகக் குறைவு. முட்டை சுமக்கும் இறாலுக்கு நல்ல தீனி போடுங்கள். இன்னும் பல முறை சுமக்கும்.

கேள்வி: ஹார்லிக்வின் இறால் ஒன்று பார்த்தேன், அவ்வளவு அழகு. வாங்கலாமா?

பதில்: அது நட்சத்திர மீனைத் தவிர அநேகமாக வேறெதையும் தொடாது. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அதற்கு உயிருள்ள நட்சத்திர மீன் கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு வழி செய்த பிறகு வாங்குங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள், பட்டினியில் சாகும்.