ஆறாயிரம் திர்ஹம் என்றால் கைக்கு எவ்வளவு? – வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர் வேலை குறித்து வாசகர் கேள்விகள்

கோடை விடுமுறை நெருங்கினாலே கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து ஒரே மாதிரியான கடிதங்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. வெளிநாட்டுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்க அழைப்பு வந்திருக்கிறது, போகலாமா என்பதே எல்லாவற்றின் சாரமும். வளைகுடாவில் பல ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்துவிட்டுப் புதுச்சேரிக்குத் திரும்பியவன் என்ற முறையில், ஒப்பந்தத்தையும் சம்பளத்தையும் பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஒன்பது ஆண்டுகளாக மெட்ரிக் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருக்கிறேன், எம்.ஏ., பி.எட். முடித்திருக்கிறேன். ஐக்கிய அரபு அமீரகத்தில் உள்ள ஒரு தனியார் பள்ளியில் மாதம் 6,000 திர்ஹம் தருவதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். ‘ஆஃபர் லெட்டர் பின்னால் வரும், அதற்குள் ராஜினாமா கொடுத்துவிடுங்கள்’ என்கிறார்கள். என்ன கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?
– ஆசிரியை, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: கையெழுத்திட்ட காகிதம் கைக்கு வரும்வரை ராஜினாமா கடிதம் எழுத வேண்டாம். அமீரகத்தில் 2016 முதல், அங்குள்ள தொழிலாளர் அமைச்சகம் வகுத்த படிவத்தில் ஆஃபர் லெட்டரைத் தந்து, ஊழியரின் கையெழுத்தைப் பெற்ற பிறகே பணி அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருக்கிறது. அதில் சொன்னதைவிடக் குறைவான எதையும் பின்னால் வரும் ஒப்பந்தத்தில் எழுதவும் கூடாது. அப்படியிருக்க, ‘பின்னால் வரும்’ என்று ஒரு பள்ளி சொல்வதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் காகிதம் வந்ததும் மொத்தத் தொகையைப் பார்த்து மகிழ்ந்துவிடாமல், அதற்கு மேலே உள்ள வரிகளைப் படியுங்கள். 6,000 திர்ஹம் என்பது பெரும்பாலும் அடிப்படைச் சம்பளம், வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி, இதர படி என்று பிரிக்கப்பட்டிருக்கும். இந்தப் பிரிவினை மாதாமாதம் வங்கியில் விழும் தொகையை மாற்றாது என்பதால் யாரும் கவனிப்பதில்லை, நானும் கவனிக்கவில்லை. ஆறு ஆண்டுகள் முடித்து வேலையை விட்ட அன்று, கணக்குப் பிரிவில் இருந்தவர் ஒரு தாளை என் பக்கம் திருப்பி, பென்சில் முனையால் ஓர் எண்ணைத் தொட்டுக் காட்டினார். நான் மனத்தில் வைத்திருந்த பணிக்கொடையில் அது பாதிகூட இல்லை. தவறு கணக்கில் இல்லை. முதல் நாள் நான் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் அவ்வளவு குறைவாக எழுதப்பட்டிருந்தது.

அமீரகச் சட்டப்படி, ஓராண்டு முடித்தவருக்கு முதல் ஐந்து ஆண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள், அதன் பிறகு ஆண்டுக்கு 30 நாள் என்று பணிக்கொடை உண்டு. அதைக் கணக்கிடுவது அடிப்படைச் சம்பளத்தின் மீதுதான். உங்கள் 6,000-இல் அடிப்படை 2,400 என்றால் ஆண்டுக்கு 1,680 திர்ஹம் வரும். அதே 6,000-இல் அடிப்படை 4,000 என்றால் 2,800 வரும். ஐந்து ஆண்டுகளில் 8,400-க்கும் 14,000-க்கும் உள்ள வித்தியாசம், ஏறக்குறைய உங்களுடைய ஒரு மாத முழுச் சம்பளம். எடுக்காத விடுப்புக்கான பணமும் அடிப்படைச் சம்பளத்தை ஒட்டியே வரும். ஆகவே மொத்தத்தை உயர்த்தக் கேட்பதற்கு முன்னால், அடிப்படையை உயர்த்தக் கேளுங்கள். பள்ளிக்கு மாதாந்திரச் செலவு கூடாது என்பதால் இதற்கு இசைந்துவருவதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது வீடு. பள்ளியே தங்குமிடம் தருகிறதா, வாடகைப்படி தருகிறதா, தங்குமிடம் என்றால் தனி அறையா, இன்னொரு ஆசிரியையுடன் பகிர வேண்டியதா, மின்சாரக் கட்டணம் யாருடையது என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். தனியாகப் போகிறவருக்குத் தங்குமிடத்துடன் கூடிய 6,000, அது இல்லாத 7,500-ஐவிட மேல் என்பது என் கருத்து. குடும்பத்துடன் போவதாக இருந்தால் கணக்கே வேறு. விசா செலவையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணச் சலுகையையும் முதலில் கேட்க வேண்டியிருக்கும்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களைப் பற்றியும் ஒரு வரி இருக்க வேண்டும். ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதச் சம்பளமா, பத்து மாதச் சம்பளமா, ஜூன் இறுதியில் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு கிளம்புகிறவருக்கு அந்த இரண்டு மாதச் சம்பளம் உண்டா என்பதைத் தனித்தனியாகக் கேளுங்கள். வாரத்துக்கு இத்தனை பாடவேளை என்ற எண்ணும் வேண்டும். ‘நிர்வாகம் அவ்வப்போது ஒதுக்கும் பணிகள்’ என்று மட்டும் இருந்தால், வராத ஆசிரியரின் வகுப்பு, பேருந்துப் பொறுப்பு, சனிக்கிழமைச் சிறப்பு வகுப்பு எல்லாம் அந்த ஒரு சொற்றொடருக்குள் வந்துவிடும். தகுதிகாண் காலம் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது என்பது அங்கே சட்டம். அந்தக் காலத்தில் வேலையை விட்டு ஊர் திரும்ப நினைத்தால் 14 நாள் முன்னறிவிப்பு போதும்.

கேள்வி: ஏஜென்ட் ஒருவர் 1,50,000 ரூபாயும், பாஸ்போர்ட்டும், பட்டச் சான்றிதழ்களின் அசலும் கேட்கிறார். விசா அடித்ததும் எல்லாவற்றையும் திருப்பித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், பாகூர், புதுச்சேரி

பதில்: கொடுக்க வேண்டாம். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மத்திய வெளியுறவு அமைச்சகத்திடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் தம் சேவைக்காக உங்களிடம் பெறக்கூடிய உச்சத் தொகை 30,000 ரூபாயும் அதன் மீதான 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 35,400 ரூபாய். அதற்கும் ரசீது தர வேண்டும். பதிவு பெற்றவர்களின் பட்டியல் அரசின் ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் இருக்கிறது. பெயரையும் பதிவு எண்ணையும் இரண்டு நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் ஒரு பலகையும் கண்ணாடிக் கதவும் இருப்பதைப் பதிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தமிழ்நாட்டு அரசு 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் இயங்குகிறது. கடலூர் மாவட்டத்து வாசகர்கள் அங்கே முதலில் விசாரிப்பது நல்லது.

பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்களுக்குக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை என்பதால், ஆசிரியர்கள் ‘நமக்கு இந்தச் சட்டம் எதற்கு’ என்று நினைத்துவிடுகிறார்கள். அனுமதிதான் தேவையில்லை, ஏஜென்ட்டின் மீதான கட்டுப்பாடுகள் உங்களுக்காகவும் உள்ளவை.

அசல் சான்றிதழ்களைச் சரிபார்ப்புக்காகத்தான் கேட்கிறார் என்றால், அதை நீங்களே செய்துகொள்ளலாம். பட்டம் வழங்கிய மாநிலத்தின் சரிபார்ப்பு, பிறகு வெளியுறவு அமைச்சகம், பிறகு அந்நாட்டுத் தூதரகம் என்பது வரிசை. நீங்கள் பாகூரில் குடியிருந்தாலும், சிதம்பரத்தில் வாங்கிய பட்டத்துக்குத் தமிழ்நாட்டு அரசின் சரிபார்ப்புதான் வேண்டும். சவூதி அரேபியா, ஓமன், பஹ்ரைன் ஆகியவற்றுக்கு, ஒரு சர்வதேச உடன்படிக்கையின்படி நம் வெளியுறவு அமைச்சகம் இடும் ‘அப்போஸ்டில்’ முத்திரை போதுமானது. அமீரகமும் கத்தாரும் குவைத்தும் அந்த உடன்படிக்கையில் இல்லாததால் தூதரக முத்திரை வரை போக வேண்டியிருக்கும். இந்தச் செலவைப் பள்ளி திருப்பித் தருமா என்று ஒப்பந்தத்திலேயே கேளுங்கள். அமீரகச் சட்டம், ஆள் எடுக்கும் செலவை ஊழியரிடமிருந்து நேராகவோ சுற்றிவளைத்தோ வாங்கக் கூடாது என்று முதலாளிக்கே தடை விதித்திருக்கிறது. சம்பளத்தில் ‘விசா செலவுப் பிடித்தம்’ என்ற வரி இருந்தால், அது இந்தச் சட்டத்துக்கு எதிரானது.

பாஸ்போர்ட் இந்திய அரசின் உடைமை. அதை இங்கே ஏஜென்ட்டும் அங்கே பள்ளியும் ‘பத்திரமாக’ வைத்திருக்க எந்த உரிமையும் இல்லை.

கேள்வி: தென்கொரியா, சீனா விளம்பரங்களில் ‘ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் மட்டும்’ என்று இருக்கிறது. எனக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். வணிக விசாவில் சீனாவுக்குப் போய், அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொல்கிறார்.
– எம்.ஏ. ஆங்கிலப் பட்டதாரி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: உங்கள் ஆங்கிலத்தின் தரத்தை வைத்து அந்த வரி எழுதப்படவில்லை, விசா விதி அப்படி இருக்கிறது. தென்கொரியாவின் ஆங்கில ஆசிரியர் விசா, பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளின் குடிமக்களுக்கே உரியது. 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்திய–கொரியப் பொருளாதார உடன்படிக்கை, ஆசிரியத் தகுதி பெற்ற இந்தியர்களுக்கு உதவி ஆசிரியராக ஒரு குறுகிய வழியைத் திறந்தது; அதற்கு எம்.ஏ. மட்டும் போதாது, பி.எட். போன்ற ஆசிரியத் தகுதியும் வேண்டும். ஜப்பானில் நீங்கள் பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கில வழியில் படித்ததைக் காட்டச் சொல்வார்கள். முதல் வகுப்பு முதல் ஆங்கில வழியில் படித்தவராக இருந்தால், பள்ளியிலிருந்து அதற்கான சான்றை இப்போதே வாங்கி வையுங்கள். இவ்வளவு நன்றாகப் படித்த நம் பிள்ளைகள் பாஸ்போர்ட்டின் நிறத்தால் வாசலில் நிறுத்தப்படுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஆயினும் அந்த வாசலைச் சுற்றிக்கொண்டு போகச் சொல்பவரை நம்பாதீர்கள்.

சீனாவில் வேலை செய்ய ‘இசட்’ விசா வேண்டும். பணி அனுமதிக்கான அறிவிப்புக் கடிதம் அங்கிருந்து வந்த பிறகே அந்த விசா கிடைக்கும். வணிக விசாவில் போய் வகுப்பில் நிற்பது அங்கே சட்டவிரோத வேலை. பிடிபட்டால் அபராதமும் காவலும் நாடு கடத்தலும் உங்களுக்குத்தான் வரும். அதைவிட அன்றாடக் கஷ்டம் ஒன்று உண்டு: சம்பளம் தராமல் இழுத்தடித்தால், சட்டப்படியான ஒப்பந்தம் இல்லாத உங்களால் எந்த அலுவலகத்திலும் போய் முறையிட முடியாது.

கேள்வி: மாலத்தீவில் அரசுப் பள்ளி வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் ரூஃபியாவில் வருமாம். ரூபாய்க்கு மாற்றிப் பார்த்தால் நல்ல தொகையாகத் தெரிகிறது. சேரலாமா?
– ஆசிரியர், சிதம்பரம்

பதில்: மாலத்தீவுப் பள்ளிகள் நெடுங்காலமாக நம் ஆசிரியர்களுக்கு வேலை கொடுத்துவருகின்றன, மரியாதையும் உண்டு. சிக்கல், பணத்தை ஊருக்கு அனுப்புவதில்தான் இருக்கிறது. ஒரு டாலருக்கு 15.42 ரூஃபியா என்பது அதிகாரபூர்வ விகிதம். நீங்கள் கணக்குப் போட்டது அந்த விகிதத்தில்தான் இருக்கும். ஆனால் வங்கியில் டாலர் தட்டுப்பாடு இருப்பதால், ஒருவர் மாதத்துக்கு இவ்வளவுதான் அனுப்பலாம் என்று வரம்பு வைக்கிறார்கள். மீதியை வெளியே வாங்கப் போனால் டாலர் இன்னும் விலை கூடும். 15,420 ரூஃபியா சம்பளம் காகிதத்தில் 1,000 டாலர். அதில் எவ்வளவு உங்கள் வீட்டாரின் சிதம்பரம் வங்கிக் கணக்கில் வந்து சேரும் என்பதே உங்கள் உண்மையான சம்பளம். வீட்டுக் கடன் தவணை கட்ட வேண்டியவராக இருந்தால் இதை இரட்டிப்பாக யோசியுங்கள். அதே தீவில் இப்போது வேலை செய்யும் தமிழ் ஆசிரியர் ஒருவரைத் தேடிப்பிடித்து, சென்ற மாதம் ஊருக்கு எவ்வளவு அனுப்பினார், எந்த விகிதத்தில் அனுப்பினார் என்ற இரண்டை மட்டும் கேளுங்கள்.

கேள்வி: வளைகுடாவில் வருமான வரி இல்லை. இங்கே அந்தச் சம்பளத்துக்கு வரி கட்ட வேண்டுமா? ஆகஸ்ட் கடைசியில் கிளம்புகிறேன்.
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: வேலைக்காக வெளிநாடு செல்லும் இந்தியக் குடிமகன், ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால், அந்த ஆண்டுக்கு அவர் இங்கே வசிப்பவராகக் கருதப்படமாட்டார், வெளிநாட்டில் வேலை செய்து அங்கேயே பெறும் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. ஆகஸ்ட் இறுதியில் கிளம்பினால் உங்கள் கணக்கில் ஏறத்தாழ 150 நாட்கள் ஆகியிருக்கும். டிசம்பர் விடுமுறைக்கு வந்து போனாலும் மிச்சம் இருக்கும். விசா தாமதமாகி செப்டம்பர் முடிந்து கிளம்பினால் வரம்பைத் தாண்டிவிடுவீர்கள். அந்த ஆண்டு நீங்கள் அங்கே பெறும் சம்பளமும் இங்கே வரிக்கணக்கில் சேர்ந்துவிடும். பாஸ்போர்ட்டில் விழும் குடியேற்ற முத்திரைகள்தான் இதற்குச் சான்று என்பதால் அந்தப் பக்கங்களைப் படி எடுத்து வையுங்கள். கிளம்பும் முன் உங்கள் வங்கிக் கிளைக்குப் போய், இப்போதுள்ள சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக (வெளிநாட்டில் வசிப்பவர் இங்கே வரும் பணத்துக்கு வைத்திருக்கும் கணக்கு) மாற்றவும், அங்கிருந்து அனுப்பும் பணத்துக்குத் தனியாக என்.ஆர்.இ. கணக்கு தொடங்கவும் விண்ணப்பம் கேளுங்கள்.